ஐம்பது மீட்டரில் இரண்டு வெப்பமானிகள்

சேசு மரி சூசை

மேனாம்பேடு,
8-7-1973

தங்கை ஜெயசீலிக்கு ராயப்பன் எழுதுவது.

இங்கே யாருக்கும் காய்ச்சல் சளி இல்லை. உனக்கும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இருந்தால் எழுது.

நீ தூத்துக்குடிக்கு ரயிலேறி மூன்று வாரம் ஆகிறது. இரண்டு கடிதம் வந்தது. ஒன்றில் ஹாஸ்டல் சாம்பார், இன்னொன்றில் ஹாஸ்டல் ரசம். பாடத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. இயற்பியல் கடலியல் என்று உன் கல்லூரியில் புதிதாக ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள், அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போனாய். அதில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று எழுது.

ஏன் கேட்கிறேன் என்றால், அப்பா உன்னை அனுப்பியது என் வார்த்தையை நம்பி. முதல் வருடம் எல்லாப் பாடமும், பிராக்டிகல் உட்பட, ஒரே தடவையில் தேற வேண்டும். ஒன்று போனாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து கோவில்பதாகை ஜேம்ஸுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அப்பா சொன்னார், நான் ஒப்புக்கொண்டேன், நீ தலையாட்டினாய். ஜேம்ஸ் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ரயில்வேயில் இருக்கிறான், குடிப்பதில்லை. நீ வேண்டாம் என்றாய், அது போதும்.

எங்கள் கேஜ் பட்டறைக்கு, வெப்பமானிகளைச் சரிபார்க்க, ஐஸ் கட்டி கொண்டுவரும் துலுக்கானம் தினமும் கேட்கிறார். "இன்னா அண்ணாத்தே, தங்கச்சி கடலப் படிக்குதாமே? கடல்ல படிக்க இன்னா கீது? தண்ணி, உப்பு, மீனு. மூணு நாள்ல முடிஞ்சிடாது?" டிப்ளமா படித்தவன் நான், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதிலை அனுப்பு.

அம்மா தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னாள்.

உன் அண்ணன்,
இ. ராயப்பன்


சே. ம. சூ.

தூத்துக்குடி,
22-7-1973

அன்புள்ள அண்ணனுக்கு ஜெயசீலி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

கர்த்தர் கிருபையால் சுகம். அப்பாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? அம்மாவிடம் எண்ணெய் வைக்கிறேன் என்று சொல்லவும்.

துலுக்கானம் அண்ணனுக்குப் பதில். கடல் ஒரே தண்ணீர் இல்லை, அடுக்கடுக்கான தண்ணீர். ஆயிரம் கிராம் கடல்நீரில் ஏறக்குறைய முப்பத்தைந்து கிராம் உப்பு. உப்பு கூடினால் கனம், சூடு கூடினால் லேசு. கனமான தண்ணீர் கீழே போகப் பார்க்கும், லேசானது மேலே பரவப் பார்க்கும். காற்று ஒரு பக்கம் தள்ளுகிறது, பூமி சுற்றுவது இன்னொரு பக்கம் திருப்புகிறது. கடலுக்குள் ஓடும் நீரோட்டமெல்லாம் இந்தச் சண்டைதான். ஆகவே ஆழத்தில் எத்தனை டிகிரி, எவ்வளவு உப்பு என்று தெரிந்தால் தண்ணீர் எங்கே போகிறது என்று கணக்குப் போடலாம், அதைப் பார்க்காமலே.

உங்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ஐம்பது மீட்டர் ஆழத்தில் வெப்பமானியை இறக்கினால் மேலே வருவதற்குள் அளவு மாறிவிடுமே, என்ன செய்வார்கள்? வெண்கலப் பாட்டில் ஒன்றைக் கம்பியில் கட்டி இறக்குவார்கள். அதன் பக்கத்தில் இரண்டு வெப்பமானிகள், இடது ஒன்று வலது ஒன்று. கம்பி வழியே ஒரு பித்தளைக் குண்டை நழுவவிட்டால் அது போய் இடிக்கும். பாட்டில் தலைகீழாகக் கவிழும். அந்த நொடியில் பாதரசம் அறுந்து நின்றுவிடும். மேலே எடுத்து எப்போது பார்த்தாலும் அங்கே இருந்த வெப்பம்தான் தெரியும்.

வகுப்பில் பதினாறு பையன்கள், பெண்கள் நாங்கள் மூன்று பேர். வருடத்தில் ஒரு தடவை லாஞ்சில், அதாவது மோட்டார்ப் படகில், கடலுக்குப் போய் அளவெடுத்து ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். அதில் பேராசிரியர் வீராசாமி கையெழுத்து இல்லாவிட்டால் பிராக்டிகல் பரீட்சையில் உட்கார முடியாது.

ஜேம்ஸைப் பற்றி எழுத வேண்டாம். வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாம் வார்டன் சிஸ்டர் படித்துத்தான் விடுகிறார்.

அன்புத் தங்கை,
ஜெயசீலி


மேனாம்பேடு,
12-8-1973

தங்கைக்கு,

நலம். அப்பா முட்டி வலியைப் பற்றிக் கேட்டால் "வேலைக்குப் போறேன் இல்ல?" என்கிறார். ஆகவே அவரும் நலம்.

கவிழும் வெப்பமானி நல்ல வேலை. எங்கள் பட்டறையில் பாய்லர் கேஜுகளும் வெப்பமானிகளும்தான் வருகின்றன, சரியா தப்பா என்று பார்த்து அட்டை கட்டி அனுப்புகிறோம். கவிழ்ந்தால் நின்றுவிடும் வெப்பமானியை நான் பார்த்ததில்லை. கொண்டுவந்து காட்ட முடியுமா? முடியாது என்றால் படமாவது வரை.

போன ஞாயிறு பூசை முடிந்து நம் கிணற்றில் நானே அளந்தேன். நாற்பதடி. மாத்திரை பாட்டிலில் கார்க்கை லேசாகச் செருகி, கல் கட்டி, இறக்கியபின் இன்னொரு கயிற்றால் கார்க்கை இழுத்துவிட்டேன். அந்த ஆழத்துத் தண்ணீர் வந்தது. உடனே பட்டறையிலிருந்து கொண்டுவந்த இரண்டு வெப்பமானிகளை அதில் போட்டுப் பார்த்தேன். துலுக்கானம் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "இன்னா மாமே, கெணத்துக்கு ஜொரமா?" என்றார். அரை மணி நேரம் கயிறு பிடித்தார். கடைசியில், "எவ்ளோ கீது?" என்று கேட்டார். இடது இருபத்தேழு புள்ளி நாலு, வலது இருபத்தேழு புள்ளி ஆறு என்றேன். "இன்னாபா, ஒரே தண்ணிக்கு ரெண்டு ஜொரம் சொல்றே?"

அதுதான் விஷயம். இரண்டு வெப்பமானிகள் ஒத்துப்போகவே மாட்டா. பத்து தடவை இறக்கினேன், பத்து தடவையும் வித்தியாசம். எந்தக் கருவிக்கும் ஒரு பொய் உண்டு. எவ்வளவு பொய் என்று தெரிந்திருந்தால் அது நல்ல கருவி, அவ்வளவுதான்.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் ஃபாக்டரியில் தான் அளக்காத சாமானின் அட்டையில் கையெழுத்துப் போடமாட்டார், ஃபோர்மேன் வந்து நின்றாலும் சரி. கிணற்றை நான் அளந்தது அவருக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

படகுப் பயணம் முடிந்ததும் அளவுகளை அனுப்பு.

ராயப்பன்


சே. ம. சூ.

தூத்துக்குடி,
20-10-1973

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுவதற்கு மன்னிக்கவும். காலாண்டுப் பரீட்சை இருந்தது. கடலியலில் எழுபத்தெட்டு. வகுப்பில் இரண்டாவது.

நீங்கள் கேட்ட அளவுகள். படகுப் பயணம் 13-ஆம் தேதி நடந்தது. லாஞ்ச் காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டது. கரையிலிருந்து நான்கு மணி நேர தூரத்தில் நிறுத்தப்பட்டது. பாட்டில் ஐந்து ஆழங்களுக்கு இறக்கப்பட்டது. ஒவ்வொரு ஆழத்திலும் எட்டு நிமிடம் காத்திருந்து குண்டு விடப்பட்டது.

மேல்மட்டம்: இடது 28.36, வலது 28.36.
10 மீட்டர்: இடது 28.31, வலது 28.31.
20 மீட்டர்: இடது 28.20, வலது 28.20.
50 மீட்டர்: இடது 27.05, வலது 27.05.
75 மீட்டர்: இடது 25.48, வலது 25.48.

இருபதுக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவில் எப்படி இறங்குகிறது பாருங்கள். அதற்கு மேலே காற்று கலக்கிய தண்ணீர், கீழே கலக்காத தண்ணீர். கோடு போட்டுப் பார்த்தால் அழகாக இருக்கிறது.

ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிவிட்டேன். அம்மாவிடம் சொல்லவும். அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புத் தங்கை,
ஜெயசீலி


மேனாம்பேடு,
29-10-1973

தங்கைக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. அம்பத்தூர் ஏரி நிறைகிறது. ஆட்கள் நலம்.

எழுபத்தெட்டு நல்லது. மீதி இருபத்திரண்டு எங்கே போனது?

அளவுகளைப் பார்த்தேன். சில கேள்விகள் இருக்கின்றன. வாந்தி எடுத்தாயா? திருமழிசை பஸ்ஸிலேயே நீ எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருவாய், நான்கு மணி நேரம் கடலில் எப்படி இருந்தாய்? லாஞ்சில் எங்கே உட்கார்ந்தாய்? கம்பியைக் கையால் சுற்றினார்களா, இயந்திரமா? வெப்பமானியை நீ படித்தாயா, வேறு யாராவது படித்தார்களா? நிறுத்தப்பட்டது, இறக்கப்பட்டது, விடப்பட்டது என்று எழுதியிருக்கிறாய். யார் நிறுத்தினது, யார் இறக்கினது?

அந்த இரண்டு வெப்பமானிகளுக்கும் சரிபார்ப்புச் சான்றிதழ் இருக்கும். கருவி அறையில் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்கள். அதில் இருக்கும் எண்களை அப்படியே எழுதி அனுப்பு.

அம்மா கேட்கிறாள், கடலில் போகும்போது ஜெபமாலை வைத்திருந்தாயா என்று. அதற்கும் பதில் எழுது.

ராயப்பன்


சே. ம. சூ.

தூத்துக்குடி,
16-11-1973

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகமே. மழையால் தபால் தாமதம் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு என் முத்தங்கள்.

சான்றிதழில் இருப்பது: இடது வெப்பமானி 0.06 அதிகமாகக் காட்டும், அதைக் கழிக்க வேண்டும். வலது 0.03 குறைவாகக் காட்டும், அதைக் கூட்ட வேண்டும்.

இப்போது அலைகளைப் பற்றி நடக்கிறது. கரைக்கு வரும்போது அலை ஏன் உடைகிறது தெரியுமா? அலையின் அடிப்பகுதி தரையில் உரசி மெதுவாகிறது, மேற்பகுதி அதே வேகத்தில் வருகிறது. தலை காலை முந்திவிடுகிறது. பேராசிரியர் இதைச் சொல்லிவிட்டு, அவசரக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் விழுகிறார்கள் என்றார். உங்கள் ஞாபகம் வந்தது.

ஜெபமாலை எப்போதும் என்னிடம் இருக்கிறது.

ஜெயசீலி


மேனாம்பேடு,
25-11-1973

தங்கைக்கு,

எல்லோரும் நலம், மேலே படி.

உன் அளவுகள் பொய்.

இடது 0.06 அதிகம் காட்டும், வலது 0.03 குறைவாகக் காட்டும். அப்படியென்றால் ஒரே தண்ணீரில் இரண்டுக்கும் 0.09 வித்தியாசம் வந்தே ஆக வேண்டும். உன் அட்டவணையில் ஐந்து ஆழத்திலும் இரண்டும் ஒன்று. ஒரு தடவை ஒத்துப்போனால் ஏதோ கோளாறு என்று விடலாம். ஐந்து தடவை ஒத்துப்போனால் யாரோ ஒன்றை மட்டும் படித்துவிட்டு அடுத்த கட்டத்தில் அதையே எழுதியிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க டிப்ளமா வேண்டாம். துலுக்கானமே போதும். சொன்னேன், "அடப் பாவிங்களா, அவ்ளோ தூரம் போய் ஒரு கண்ணை மூடிகினா பாத்தாங்க?" என்றார்.

இந்த எண்களை வைத்து நாளைக்கு யாராவது நீரோட்டம் கணக்குப் போட்டால் அது வடக்கே போவது தெற்கே போகும்.

பேராசிரியர் வீராசாமிக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதி ரிஜிஸ்தர் தபாலில் நேற்றே அனுப்பிவிட்டேன். கணக்கும் வைத்திருக்கிறேன், கிணற்று அளவுகளும் வைத்திருக்கிறேன். உன்னிடம் கேட்டுவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன், பிறகு தாமதம் எதற்கு என்று தோன்றியது. படித்த மனிதர், சந்தோஷப்படுவார்.

நீ இன்னும் வாந்தி எடுத்தாயா என்று சொல்லவில்லை.

ராயப்பன்


மேனாம்பேடு,
19-12-1973

தங்கைக்கு,

பதில் இல்லை. இந்த மாதம் 5-ஆம் தேதி ஒரு கார்டு போட்டேன், அதற்கும் இல்லை. உடம்பு சரியில்லை என்றால் ஹாஸ்டலிலிருந்து தந்தி வந்திருக்கும். வரவில்லை, ஆகவே உடம்பு சரியாகத்தான் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு எந்த ரயிலில் வருகிறாய்? அம்மா உனக்கு மெரூன் கலரில் தாவணி எடுத்து வைத்திருக்கிறாள். அப்பா இரண்டு தடவை கேட்டார். அவர் ஒரு விஷயத்தை இரண்டு தடவை கேட்பது உனக்குத் தெரியும், மூன்றாவது தடவை கேட்கமாட்டார்.

பேராசிரியரிடமிருந்தும் பதில் இல்லை. ரிஜிஸ்தர் ரசீதில் கையெழுத்து வந்துவிட்டது.

ராயப்பன்


தூத்துக்குடி,
28-12-1973

அண்ணா,

இதை நாகவல்லி வீட்டிலிருந்து எழுதுகிறேன். என் வகுப்பில் படிப்பவள், உள்ளூர். கிறிஸ்துமஸுக்கு வராமல் இங்கே தங்கிவிட்டேன். இந்தக் கடிதத்தை சிஸ்டர் படிக்கப் போவதில்லை, அதனால் எல்லாம் எழுதலாம். எப்போதும் கடிதத்தில் நீங்கள் என்று எழுதுவேன். இன்றைக்கு முடியவில்லை.

நான் படகில் போகவே இல்லை. போதுமா?

எங்களை ஏற்றவில்லை. லாஞ்சில் மறைவு கிடையாது, பகல் முழுக்கப் பெண்கள் எப்படி இருப்பது என்று கல்லூரியில் சொன்னார்கள். வெளியே அனுப்ப அனுமதி இல்லை என்று சிஸ்டர் சொன்னார். பேராசிரியர் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு, பையன்கள் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எங்களுக்கு வருடம் போகக் கூடாது என்று சொன்னார். ஆனந்தன் நோட்டை வாங்கி எழுதினேன். எழுதும்போதே தெரியும், இரண்டு கட்டத்திலும் ஒரே எண் என்று. சான்றிதழை உனக்கு எழுதி அனுப்பும்போது இன்னும் நன்றாகத் தெரிந்தது. நானும் அந்தப் பாடம்தான் படிக்கிறேன்.

உன் ரிஜிஸ்தர் தபாலைப் பேராசிரியர் வகுப்பில் படித்தார். முழுவதும். ஆனந்தன் எழுந்து, லாஞ்ச் ஆடுகிற ஆட்டத்தில் லென்ஸ் வைத்து இரண்டாவது வெப்பமானியைப் படிப்பதற்குள் குடல் வெளியே வந்துவிடும் சார் என்றான். யாரும் சிரிக்கவில்லை. பத்தொன்பது பேர் ரெக்கார்டையும் ரத்து செய்துவிட்டார். பிப்ரவரி 9-ஆம் தேதி மறுபடியும் லாஞ்ச் போகிறது. யார் கண்ணால் பார்த்து எழுதுகிறார்களோ அவர்களுக்குத்தான் கையெழுத்து. அதில் ஆண், பெண் என்று இல்லையாம். சிஸ்டரோ அப்பா கைப்பட எழுதிக் கொடுத்தால் ஒழிய அனுப்பமாட்டேன் என்கிறார். நாகவல்லியின் அப்பா தானே லாஞ்சில் கூட வருகிறார். மூன்றாவது பெண் கணிதத்துக்கு மாறிவிட்டாள்.

என் அப்பா எழுதித் தருவாரா? நீயே சொல்.

இத்தனை நாள் யாரும் என்னைக் கேட்கவில்லை, நான் பாட்டுக்குத் தேறியிருப்பேன். நீ கேட்டாய். வாந்தி எடுத்தாயா, எங்கே உட்கார்ந்தாய் என்று மறுபடி மறுபடி கேட்டாய். நான் ஏன் பதில் சொல்லவில்லை என்று ஒரு தடவை யோசித்தாயா? கிணற்றில் இறக்கி இறக்கிப் பத்து தடவை பார்த்தாயே. எனக்கு ஒரே ஒரு கடிதம் தனியாக எழுதிக் கேட்டிருக்கலாம்.

பையன்கள் என்னை இப்போது புள்ளி சைபர் ஒன்பது என்று கூப்பிடுகிறார்கள்.

ஜெயசீலி


மேனாம்பேடு,
21-1-1974

ஜெயசீலிக்கு,

இத்துடன் அப்பாவின் கடிதம் தனியாக இருக்கிறது. முதலில் அதை எடுத்துப் பத்திரமாக வை. பிறகு இதைப் படி.

தப்பு என்னுடையது. இதை இரண்டு தடவை எழுதமாட்டேன்.

உன் கடிதம் வந்து பத்து நாள் என் சட்டைப் பையில் இருந்தது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று பல விதமாக யோசித்தேன். பெண்களுக்கும் உரிமை, காலம் மாறிவிட்டது என்றெல்லாம் சொன்னால் அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். கடைசியில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஷிப்ட் முடிந்து வந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"நைனா, ஜெயசீலி படகுல போகல."

"நல்லதாப் போச்சு."

"போகாமலே, போன மாரி அளவு எழுதிகினு கீறா. பேரு போட்டு, தேதி போட்டு."

சோப்பைக் கீழே வைத்தார். "யார் அளந்தது?"

"கூடப் படிக்கிற பையன்."

"அவனாச்சும் அளந்தானா?"

"பாதி."

"இவ கையெழுத்து போட்டாளா?"

"போட்டா."

கையைத் துடைக்காமலே உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். "அந்தப் படகு எம்மாம் நீளம்?" தெரியாது என்றேன். "மெதக்குற சட்டை கீதா?" தெரியாது என்றேன். "இன்னாதான்டா தெரியும் உனக்கு? ரிஜிஸ்தர் போடத் தெரியும்" என்றார். ஆவடி தபால் ஆபீஸில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து உன் கல்லூரிக்கு டிரங்க் கால் போட்டேன். நாற்பதடி. பன்னிரண்டு சட்டைகள். பேராசிரியரே பேசினார். நான் யார் என்று சொன்னதும், ரிஜிஸ்தர் போட்டவரா என்று கேட்டார். பிறகு எல்லா விவரமும் கொடுத்தார்.

அதற்குள் விஷயம் கோவில்பதாகைக்குப் போய்விட்டது. அம்மா கோவிலில் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். ஜேம்ஸின் அம்மா நேரில் வந்தாள். "ஆம்பளைங்களோட படகு ஏறுற பொண்ணு எங்க ஊட்டுக்கு வோணாம்" என்றாள். அம்மா அழுதாள். ஜேம்ஸ் வாசலில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தான். அப்பா, "செரிம்மா" என்று மட்டும் சொன்னார். அவர்கள் போனபின் பேனா கேட்டார். இது உனக்கு நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்குத் தெரியும், அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. தேறாவிட்டால் ஜேம்ஸ் இல்லை, வேறொருவன்.

அப்பாவின் கடிதத்தில் கடைசி வரியை நான் சொல்லித் தரவில்லை. "என் மகள் தானே பார்த்து எழுத வேண்டும், பார்க்காததை எழுதக் கூடாது" என்று அவராகவே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சிஸ்டர் படிக்கட்டும்.

எலுமிச்சம்பழம் எடுத்துப் போ.

ராயப்பன்


சே. ம. சூ.

தூத்துக்குடி,
12-2-1974

அண்ணா,

நான் சுகம். இப்போதுதான் சுகம், இரண்டு நாள் தலை தூக்க முடியவில்லை. அப்பாவுக்கு என் வணக்கம் சொல். அம்மா இன்னும் கோபமாக இருந்தால் கோபம் தணிந்தபின் சொல்.

நீ கேட்டதற்குப் பதில். வாந்தி எடுத்தேன், ஏழு தடவை. எலுமிச்சம்பழம் உதவவில்லை. லாஞ்சில் பின்பக்கம் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தேன். கருவாட்டு வாசனையும் டீசல் வாசனையும் ஒன்றாக வரும், அதில் எது மோசம் என்று சொல்ல முடியாது. கம்பியைக் கையால்தான் சுற்ற வேண்டும். நானும் நாகவல்லியும் சுற்றினோம், உள்ளங்கை உரிந்துவிட்டது. நாகவல்லியின் அப்பா ஏறின பத்தாவது நிமிடம் படுத்தவர் கரை வந்தபின்தான் எழுந்தார். மறைவுக்குப் பழைய பாயைக் கட்டிவிட்டார் லாஞ்ச்காரர். "இத மொதல்லயே கேட்டா கட்டித் தந்திருப்பமே தாயீ" என்றார். அவரை அதற்கு முன்னால் யாருமே கேட்கவில்லையாம்.

குண்டை விட்டால் கம்பியைப் பிடித்திருக்கும் விரலில் தெரிகிறது, கீழே போய் இடிப்பது. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

ஒவ்வொரு அளவையும் நானே லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

மேல்மட்டம்: இடது 27.41, வலது 27.32.
10 மீட்டர்: இடது 27.38, வலது 27.29.
20 மீட்டர்: இடது 27.30, வலது 27.20.
50 மீட்டர்: இடது 26.64, வலது 26.64.
75 மீட்டர்: இடது 25.13, வலது 25.05.

ஐம்பதைப் பார். நீ என்ன சொல்வாய் என்று தெரியும். நான்கு தடவை பார்த்தேன், லென்ஸைத் துடைத்துவிட்டும் பார்த்தேன். நாகவல்லியைப் பார்க்கச் சொன்னேன். 26.64, இரண்டும். மறுபடி இறக்கலாம் என்றேன், காற்று ஏறுகிறது, நேரமில்லை என்றார்கள். ஆனந்தன், "இடதுல ஆறைக் கூட்டு, வலதுல மூணைக் கொற, முடிஞ்சது. இல்லாட்டி உங்க அண்ணன் இன்னொரு ரிஜிஸ்தர் போடுவாரு" என்றான். அவன் கேலிக்குச் சொல்லவில்லை, பயந்துதான் சொன்னான்.

மாற்றவில்லை. ஏன் அப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. பேராசிரியருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.

அங்கே இருந்தது நான். உன் கணக்குப்படி அது வரக் கூடாது. வந்தது.

பரீட்சை மார்ச் 18.

ஜெயசீலி


மேனாம்பேடு,
20-2-1974

ஜெயசீலிக்கு,

எல்லோரும் நலம். அம்மா நேற்றிலிருந்து என்னிடம் பேசுகிறாள்.

ஐம்பது மீட்டரைப் பற்றி மூன்று நாள் யோசித்தேன். பாதரசம் அறும் இடத்தில் ஒரு துளி பின்தங்கியிருக்கலாம். கவிழும்போது வெப்பமானி மாட்டிய சட்டம் முழுவதும் திரும்பாமல் இருந்திருக்கலாம். இன்னும் நான்கு காரணம் எழுதி வைத்தேன், பிறகு கிழித்துப் போட்டுவிட்டேன். நான் அங்கே இல்லை.

உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு அட்டவணையை மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தார். ஃபாக்டரியில் சாமான் அட்டையைப் பார்ப்பது போலவே. ஐம்பதில் விரல் நின்றது.

"இது மட்டும் ரெண்டும் ஒண்ணா கீதே?"

"ஆமா நைனா. வரக் கூடாது. எப்டின்னு தெரியல."

"அவ பாத்தாளா?"

"நாலு தபா பாத்தா."

"அப்புறம் இன்னா?" என்று சொல்லிவிட்டு விரலை எழுபத்தைந்துக்கு நகர்த்தினார்.

உள்ளங்கைக்குத் தேங்காயெண்ணெய் போடு. பரீட்சைக்கு நாள் இருக்கிறது.

ராயப்பன்